எழுபது படம், ஒரே ஃப்ளாப்பி

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஆப்பிள் 2 கணினியில் ஒரு முழுத்திரைப் படத்துக்கு 8 கிலோபைட். 70 படம்னா 560. ஃப்ளாப்பியில் இடமோ அதிகபட்சம் 140 தான். எப்படி அடக்குவீங்க?

1980-ல் கலிபோர்னியாவில் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா தம்பதிக்கு இதே சிக்கல். சமையலறை மேசையில் ராபர்ட்டா யோசிச்ச விளையாட்டு 'மிஸ்டரி ஹவுஸ்'. கென் அதன் படங்களைப் படமாகவே சேமிக்கலை. கோடுகளின் புள்ளிகளை மட்டும் எண்களாக வைத்தார். விளையாடும்போது கணினியே கோடு இழுத்து வரையும். அழகு சுமார்தான், எல்லாம் குச்சி மனுஷங்க! ஆனா வீட்டுக் கணினியில் படத்தோட வந்த முதல் சாகச விளையாட்டு இதுன்னு சொல்வாங்க. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வித்தாங்க. 10,000 பிரதிக்கு மேல் போச்சு. அந்த வீட்டுக் கம்பெனிதான் பிறகு சியரா ஆன்லைன் ஆச்சு.