வயலுக்கு அப்பால் வருவாய்: ஊரகத் திட்டங்கள் கற்பிக்கும் பாடம்

இந்தியாவில் ஐந்தாண்டுத் திட்டங்கள் 1951-ல் தொடங்கியபோது, உழைப்போரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ எழுவர் வேளாண்மையையே நம்பியிருந்தனர். 2023-24-ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இவ்விகிதம் 46.1 சதவிகிதமாக இருந்தது. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் வேளாண்மையும் அதன் சார்புத் தொழில்களும் அளித்த பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவே. உழைப்போரில் பாதியளவினர் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்ளும் இந்நிலையே ஊரக வறுமையின் அடிப்படை எனலாம்.

நிலத்தின் நிலையும் இதனையே உணர்த்துகிறது. சராசரி நில உடைமை 1970-71-ல் 2.28 ஹெக்டேராக இருந்தது, 2015-16-ல் 1.08 ஹெக்டேராகச் சுருங்கியது. தேசிய மாதிரி ஆய்வின்படி, 2018-19-ல் விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருவாய் ரூ. 10,218. இதில் கூலியும் சம்பளமும் ரூ. 4,063, பயிர் வருவாய் ரூ. 3,798, கால்நடை வருவாய் ரூ. 1,582, வேளாண்மை சாராத சொந்தத் தொழில் வருவாய் ரூ. 641 மட்டுமே. ஆகவே விவசாயக் குடும்பம் பயிரைவிடக் கூலியையே மிகுதியாகச் சார்ந்திருந்தது. சொந்தத் தொழில் இன்னும் வேரூன்றவில்லை.

திட்டங்களின் வளர்ச்சி

இவ்வுண்மையைத் திட்ட அமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1955-ல் கார்வே குழு, நுகர்பொருள் உற்பத்தியைக் கிராமத் தொழில்களின் வழியே பரவலாக்கி வேலைவாய்ப்பைப் பெருக்கும் நெறியை வகுத்தது. 1978-ல் மாவட்டத் தொழில் மையங்கள் தோன்றின. அவ்வாண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், 1980 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கிராம இளைஞருக்குச் சுயவேலைப் பயிற்சி தரும் திட்டம் 1979-லும், ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம் 1982-லும் இதனுடன் இணைந்தன.

ஒருங்கிணைந்த திட்டத்தின் அடிப்படை எளியது. ஏழைக் குடும்பத்துக்கு வருவாய் தரும் சொத்து ஒன்று அளிக்கப்படும். விலையில் ஒரு பகுதி மானியம், எஞ்சியது வங்கிக் கடன். சிறு விவசாயிகளுக்கு நான்கில் ஒரு பங்கும், குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கும், பழங்குடியினருக்குப் பாதியும் மானியமாகக் கிடைத்தன.

குறை எங்கே?

சொத்து வழங்கிய குடும்பங்களின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாக அமைந்தபோது குறை தொடங்கியது. தீவனமும் மருத்துவ வசதியும் பால் கொள்முதலும் இல்லாத ஊரில் கறவை மாடு வழங்கினால், மாடு விற்கப்படும், கடன் நிற்கும். தையல் பயின்றவர்கள் பலராயிருந்து தைக்கத் துணி தருவோர் சிலராயிருந்தால், பயிற்சியின் பயன் சான்றிதழோடு முடியும். இத்திட்டங்கள் 1999-ல் ஒன்றிணைக்கப்பட்டுக் குழு அணுகுமுறை முதன்மை பெற்றதற்கு இவ்வனுபவமும் காரணமாகும். 2011-ல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களையே அடித்தளமாகக் கொண்டது.

குஜராத்தில் 1946-ல் ஆனந்தில் உருவான கூட்டுறவு இதற்கு மறுதலையான சான்று. அங்கு மாட்டுக்கு முன்னரே சந்தை சிந்திக்கப்பட்டது. கிராமச் சங்கத்தில் அன்றாடக் கொள்முதல், கொழுப்பின் அளவுக்கேற்ற விலை, குளிரூட்டல், கால்நடை மருத்துவம், நகர விற்பனை ஆகியவை ஒரே சங்கிலியாயின. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் இம்முறையைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது.

ஆய்ந்தறிய வேண்டுவன

வேளாண்மையை விட்டு நீங்கும் ஒவ்வோர் அடியும் முன்னேற்றமாகாது என்பதையும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். நல்ல ஊதியம் ஈர்க்கச் செல்வது ஒன்று. வறட்சி விரட்டக் கல்லுடைக்கச் செல்வது வேறொன்று. இரண்டும் கணக்கேட்டில் 'வேளாண்மை சாராத வேலை' என்றே பதிவாகும். நகர வேலை முறிந்தால் மக்கள் நிலத்துக்கே திரும்புவர். 2018-19-ல் 42.5 சதவிகிதமாகக் குறைந்திருந்த வேளாண் உழைப்போர் விகிதம், 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் உயர்ந்தது இதனைக் காட்டுகிறது.

ஆதலின் வட்டார அலுவலர் ஒரு தொழிலைப் பரிந்துரைக்கும் முன் நான்கு வினாக்களுக்கு விடை காண்பது நலம். மூலப்பொருள் அருகில் கிடைக்குமா? சாலையும் மின்சாரமும் உளவா? வாங்குவோர் யார்? நட்டம் வந்தால் தாங்குவது யார்? கடைசி வினாவுக்கு விடை 'அந்த ஏழைக் குடும்பம் மட்டுமே' என்றால், அத்திட்டம் இன்னும் முழுமை பெறவில்லை என்றே கொள்ளவேண்டும்.