எஃபிகஸி: மருந்துக்குள் உறையும் ஆற்றலா?

ஒரு தடுப்பூசியின் ‘எஃபிகஸி’ 95 விழுக்காடு என்றால், அதைப் போட்டுக்கொண்ட நூறு பேரில் ஐவருக்கு நோய் வரும் என்னும் நம்பிக்கை கோவிட் காலத்தில் படித்தவர்களிடையேயும் வேரூன்றியது. 2020 டிசம்பரில் வெளியான ஃபைசர்-பயோஎன்டெக் ஆய்வின் எண்களே இதை மறுக்கின்றன. தடுப்பூசி பெற்ற ஏறத்தாழ 18,000 பேரில் 8 பேருக்கும், மருந்தில்லாத போலி ஊசியாகிய ‘பிளாசிபோ’ பெற்ற ஏறத்தாழ அதே தொகையினரில் 162 பேருக்கும் நோய் கண்டது. 162 என்பது 8 ஆகக் குறைந்த அந்த விகிதமே 95 விழுக்காடு எனப்பட்டது. மேற்சொன்ன நம்பிக்கை மெய்யானால் தடுப்பூசி பெற்றவர்களில் 900 பேர் நோயுற்றிருக்க வேண்டும். போலி ஊசி பெற்றவர்களிடையேகூட நோய் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை எட்டவில்லை.

எஃபிகஸியைப் பற்றிய இத்தகைய பிழைகளுக்கு அச்சொல்லின் வரலாறும் துணைநிற்கிறது. ‘எஃபிகஸி’, ‘எஃபெக்டிவ்னஸ்’, ‘எஃபிஷியன்சி’ ஆகிய மூன்றும், ‘செய்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையோடு ‘வெளியே’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, ‘செய்து முடித்தல்’ என்ற பொருளில் வழங்கிய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால், மூன்றும் ஒரே பொருளன என்று கருதுவோர் பலர். ஆனால் அவை நடந்த வழிகள் வேறு. எஃபிஷியன்சி, சிற்பி சிலையை ஆக்குவதுபோல் ஒன்றை ஆக்கும் காரணத்தைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் கருத்தோடு இடைக்கால இலத்தீன் வழியே தொடர்புற்றிருந்து, 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் கைக்கு வந்து, இயந்திரத்துக்கு ஊட்டிய ஆற்றலில் எவ்வளவு வேலையாகக் கிடைத்தது என்னும் விகிதமாயிற்று. எஃபிகஸியோ மூலிகைக்கும் வேண்டுதலுக்கும் இறையருளுக்கும் உள்ளுறையும் வல்லமையைக் குறித்தது. இறையருள் தன் வல்லமையாலேயே பலிக்கிறதா, மனிதன் இசைவதால் பலிக்கிறதா என்று கத்தோலிக்கத் துறவியரான டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர்; அது குறித்த விசாரணையை 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்புக் கூறாமலேயே முடித்துவைத்தார்.

இன்றைய மருத்துவ வழக்கில், கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுச் சூழலில் கிட்டும் பலன் எஃபிகஸி. அன்றாட மருத்துவத்தில் கிட்டும் பலன் எஃபெக்டிவ்னஸ். செலவிட்ட வளத்துக்கு ஏற்ற பலன் கிட்டியதா என்பது எஃபிஷியன்சி. இவ்வேறுபாட்டை வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர், 1972இல் இதுபற்றி நூல் வெளியிட்ட பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரன்.

எனினும், எஃபிகஸி மருந்தோடு பிறந்த நிலையான குணம் என்னும் பழைய எண்ணம் அகலவில்லை. இங்கே கண்ட மூன்று தவறான எண்ணங்களுள் இதுவே மிகவும் தீங்கானது. இதற்கு வலுவான மறுப்பு தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1950இல் பிரிட்டனில் தொடங்கிய ஆய்வில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதினருக்கு இடப்பட்ட பி.சி.ஜி. ஊசி காசநோயை முக்கால் பங்களவு குறைத்தது. 1968இல் செங்கற்பட்டுப் பகுதியில் தொடங்கி இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் உட்படுத்திய பேராய்விலோ, அதே பி.சி.ஜி. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகக் காப்பேதும் தரவில்லை. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் மிகுந்திருக்கும், காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் மக்களின் உடலை முன்பே பழக்கியிருந்தமையால் ஊசியின் பயன் புலப்படாமற் போயிற்று என்பது அறிஞர் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. ஆயினும், குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளையுறை அழற்சியைத் தடுப்பதில் பி.சி.ஜி. நன்கு பயன்படுவதால், இந்தியாவில் அது இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.