பெயர்ப்பலகையில் இல்லாத மகள்

மதுரையில் வேரூன்றித் தழைத்த டி.வி.எஸ். குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தந்தையையும் மைந்தரையும் மட்டுமே கூறி அமைவர். நிறுவனத்தின் பெயரே ‘டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ்’ என்பதாகும். அப்பெயரில் இடம்பெறாத மகளையும் உடன்வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்லைச் சீமைத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த சுந்தரம் அய்யங்கார், 1911இல் மதுரையில் தொழில் தொடங்கினார். அவர்தம் பேருந்து கடந்து செல்வதைக் கண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்பது மதுரை முதியோர் வழிவழியாகக் கூறும் செய்தி. சாலையில் உதிர்ந்த லாட ஆணிகள் சக்கரங்களைத் துளைக்காதிருக்க, காந்தம் பூட்டிய வண்டியை முன்னே ஓட்டி அவற்றை அகற்றச் செய்தார் என்றும் கூறுவர். காலந்தவறாமை என்ற ஒன்றையே அவர் முதலாக இட்டார் எனலாம்.

அடுத்த தலைமுறையில் தொழில் கிளைத்தது. சந்தானம் 1954இல் சுந்தரம் பைனான்ஸையும், சீனிவாசன் 1962இல் சுந்தரம் கிளேட்டனையும் தொடங்கினர். தந்தையார் மறைந்தது 1955இல். பேருந்துகள் 1972இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. எனினும் குடும்பம் தளரவில்லை. பேரர் காலத்தில், 1980இல், டி.வி.எஸ். 50 சிற்றூர்ச் சாலைகளுக்கு வந்தது. 2022இல் தொழில்கள் குடும்பக் கிளைகளுக்கெனத் தனித்தனியே பிரிக்கப்பட்டன.

இனி மகளைக் காண்போம். 1904இல் பிறந்த சௌந்தரம், இளமையிலேயே கணவரை இழந்தார். அக்காலக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட மூலையில் முடங்காது, தில்லி சென்று மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1940இல், பெற்றோர் இசையாத நிலையிலும், கேரளத்தைச் சேர்ந்த கோ. இராமச்சந்திரனைக் காந்தியடிகள் முன்னிலையில் மணந்தார். செல்வ மனையின் மகள் ஒருவர், அந்நாளில், சாதியையும் கைம்மையையும் ஒருசேரக் கடந்தது எளிய செயலன்று.

பெண்மக்களுக்கும் பாகம் உண்டெனத் திருமறை விதித்ததை நாம் மேடைதோறும் பெருமிதத்துடன் எடுத்துரைக்கிறோம். நம்மவர் கடைகளின் பெயர்ப்பலகையிலோ ‘அண்டு சன்ஸ்’ என்றே காண்கிறோம்! பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சின்னாளப்பட்டிக்கு அருகில், 1947இல், கணவரும் மனைவியும் காந்திகிராமத்தை நிறுவினர். அதன் கல்விப்பணி 1956இல் ஊரக உயர்கல்வி நிலையமாகவும், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. இடையே அம்மையார் சட்டமன்ற உறுப்பினராகவும் நடுவண் அரசின் கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார். 1962இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1984இல் மறைந்தார். அவர் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனை, சுற்றுவட்டாரச் சிற்றூர் மகளிர்க்கு இன்றும் மகப்பேறு பார்த்து வருகிறது.