மட்ஃபிளாப் மட்டும் போதுமா?

கேள்வி: எரு, இளநீர் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சக்கரத்துச் சேறு அடிப்பக்கம் முழுக்க அப்பிக்கொள்கிறது. மட்ஃபிளாப் மட்டும் போதுமா, சக்கர வளைவின் உள்ளே லைனரும் போட வேண்டுமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டுக்கும் வேலை வேறு. சக்கரம் பின்பக்கம் வாரியடிக்கும் சேற்றையும் கல்லையும் மட்ஃபிளாப் தடுக்கும். பின்னால் வருபவரின் கண்ணாடியும் தப்பும். லைனர், சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டைக் காக்கும். அங்குள்ள மடிப்புகளில் ஈரச்சேறு காயாமல் கிடந்துதான் துரு பிடிக்கிறது. எரு ஏற்றும் வண்டி என்பதால் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

அதற்கு முன் பழைய சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருவைச் சுரண்டி ஆன்டி-ரஸ்ட் அடியுங்கள். இல்லையென்றால் லைனரே துருவை மூடி வளர்க்கும். லைனரை மாட்டத் துளையிட்ட இடத்திலும் பெயின்ட் தடவுங்கள். பிரேக் ஹோஸ், ஒயர் போகும் இடத்தில் துளை வேண்டாம்.

முக்கியமானது இடைவெளி. பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி, டயர் லைனரை நெருங்கும். எனவே முழுப் பாரத்தோடு ஒருமுறை, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுசாக ஒடித்து ஒருமுறை பாருங்கள். டயர் எங்கும் உரசக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், லைனரைக் கழற்றிக் கழுவுங்கள்.