மேகத்தின் கைரேகை

மார்கழி மாதம். தில்லியில் ஒரே பனிமூட்டம். ஆனாலும் சில இரவுகளில் பனி விலகும். அப்போது வானத்தைப் பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்குச் சற்றுக் கீழே மங்கலாக ஒரு புள்ளி தெரியும். அது வாயு மேகம். ஓரியன் மேகம் என்று பெயர். அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன.

அந்த மேகத்தில் என்னென்ன இருக்கின்றன? நேரில் போய்ப் பார்க்க முடியாது. அதன் ஒளி நம்மிடம் வரவே சுமார் 1,300 ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த ஒளியே நமக்கு விவரம் சொல்லும்.

கேஸ் அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தால் என்ன ஆகும்? நீலத் தீ மஞ்சளாக மாறும். உப்பில் உள்ள சோடியம் தரும் நிறம் அது. இரும்பு, கந்தகம், ஆக்சிஜன் போன்றவற்றைத் தனிமங்கள் என்கிறோம். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளி உண்டு. அது கைரேகை போன்றது. ஒருவர் ரேகை மற்றவருக்கு இராது அல்லவா?

மேகத்தில் உள்ள அணுக்கள் மீது இளம் விண்மீன்களின் கடும் ஒளி படுகிறது. அவை எலெக்ட்ரான்களை இழந்து அயனிகள் ஆகின்றன. அப்போது ரேகையும் மாறும்.

கடும் சூட்டிலும் அணுக்கள் அயனிகள் ஆகும். எவ்வளவு சூட்டில் எத்தனை அணுக்கள் அப்படி மாறும்? இதற்கு 1920ஆம் ஆண்டு கணக்கு வகுத்தவர் நம் நாட்டு மேகநாத் சாகா. விண்மீன்களின் ஒளியைப் படிக்க அது வழிகாட்டியது. சாகா ஏழை மளிகைக் கடைக்காரர் மகன். பக்கத்து ஊர் மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். பின்னாளில் மக்களவை உறுப்பினர் ஆனார். 1956ஆம் ஆண்டு தில்லியில் காலமானார்.

மேகத்தில் தூசியும் உண்டு. அது ஒளியை மறைக்கும். ஆனால் அகச்சிவப்புக் கதிர் தூசியைத் தாண்டி வரும். அடுப்பருகே கண்ணை மூடி நின்றாலும் சூடு தெரிகிறதே, அதைக் கொண்டுவருவது அந்தக் கதிர்தான். நியான், ஆர்கான், கந்தகம் ஆகியவற்றின் ரேகைகள் அதில் நன்றாகத் தெரியும். அந்த ரேகைகளின் ஒளியை ஹைட்ரஜன் ரேகையோடு ஒப்பிடுவார்கள். எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள்.

காற்றில் உள்ள நீராவி இக்கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். எனவே டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஐதராபாத்திலிருந்து பலூனில் தொலைநோக்கியை மேலே அனுப்பினார்கள். அயனியான கார்பனின் ரேகையை அளந்தார்கள். 2021ஆம் ஆண்டு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்வெளிக்கே போனது.

இதனால் என்ன பயன்? நம் இரத்தத்தில் உள்ள இரும்பு பழைய விண்மீன்களில் உண்டானது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் அப்படியே. மேகத்தை அளப்பது நம் பூர்வீகத்தை அறிவதாகும்.

சிந்தித்துப் பாருங்கள்:
1. சாம்பார் வழிந்தால் தீ ஏன் மஞ்சளாகிறது?
2. தூசியைத் தாண்டி வரும் கதிர் எது?