ஜாமீன் கிடைத்தும் சிறை

கேள்வி: என் சிற்பக்கூடத்தில் வேலை பார்த்த ஒடிசாப் பையன் பைக் திருட்டு வழக்கில் உள்ளே போய்விட்டான். முதல் வழக்கு. ஜாமீன் கிடைத்து 40 நாள் ஆகிறது. உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டுமாம், யாரும் வரவில்லை. உள்ளே நெரிசல் என்கிறான். என்ன வழி?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: சிறை நெரிசல் என்றாலே புதுக் கட்டடம் கட்டச் சொல்வார்கள். உங்கள் பையன் விஷயத்தில் குறை கட்டடத்திலா இருக்கிறது? போகலாம் என்று நீதிபதியே சொன்ன பிறகும் அவன் ஓர் ஆள் இடத்தில் படுத்திருக்கிறான்.

2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்பது மாதிரிச் சிறைக் கையேட்டின் கணக்கு. போலீஸிலும் ஆள் பற்றாத இடத்தில் வாய்தாவுக்கு அழைத்துப்போக வழிக்காவல் கிடைக்காது. வழக்கு இழுக்கும், கூட்டம் இன்னும் சேரும்.

உள்ளூர் ஜாமீன் தகராறு பழையது. மத்தியப் பிரதேசக் கொத்தனார் மோதி ராமிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சகோதரர் முன்வந்தார், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னார். தொலைதூர ஊரில் கைதாகும் தமிழனும் மலையாளியும் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார்கள் என்றும் கேட்டார். நமக்காக அன்று கேட்டதை இன்று ஒடிசாக்காரனுக்காக நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தப் பரிசீலிக்கலாம். உங்கள் பையனுக்கு அந்த ஒரு மாதம் கடந்துவிட்டது. செங்கல்பட்டில் உள்ள ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100-க்கும் அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உரிமை, சலுகை அல்ல. நிபந்தனைத் தளர்வு மனுவில், ஒருவர் போதும் அல்லது சொந்தப் பிணை போதும் என்று கேளுங்கள்.

ஒன்று கேட்கலாமா? நீங்களே ஏன் ஜாமீன் நிற்கவில்லை? திருட்டுக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். வாய்தாவுக்கு அவன் வருவான் என்பதற்கு மட்டுமே பொறுப்பு. வராமல் போனால் பிணைத்தொகை கட்ட நேரலாம். அவனை நம்புகிறீர்கள் என்றால் ஆதாரையும் வீட்டு வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.