காரின் விலையும் ஆயுட்காலக் கணக்கும்

கார் வாங்க எண்ணும் குடும்பம் முதலில் பார்ப்பது விற்பனை விலையை. அடுத்துப் பார்ப்பது மாதத் தவணையை. இவ்விரண்டும் கணக்கின் ஒரு பகுதியே. எரிபொருள், பராமரிப்பு, காப்புறுதி, கடன் வட்டி, பின்னர் காரை விற்கும்போது கிடைக்கும் தொகை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி எந்தக் கார் மலிவானது என்று கூற இயலாது. சுற்றுச்சூழல் பாதிப்பும் அவ்வாறே. புகைக்குழாயிலிருந்து வெளிவரும் புகையை மட்டுமன்றி, காரும் அதற்கான எரிபொருளும் மின்சாரமும் உற்பத்தியாகும்போது வெளிப்படும் வாயுக்களையும் எண்ண வேண்டும். இதுவே ஆயுட்காலக் கணக்கு எனப்படும். பெற்றோல், ஹைபிரிட், மின்சாரம் ஆகிய மூவகைக் கார்களுக்கும் இக்கணக்கைக் குடியிருப்பாளர் தாமே செய்துபார்க்கும் முறை கீழே விளக்கப்படுகிறது.

ஓட்டும் செலவு

ஒரு குடும்பம் ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓட்டுவதாகக் கொள்வோம். நூறு கிலோமீற்றருக்குப் பெற்றோல் கார் 8 லீற்றரும், ஹைபிரிட் கார் 5 லீற்றரும், குளிர்காலத் தேவையையும் சேர்த்து மின்சாரக் கார் 20 அலகு மின்சாரமும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற் மணி. பெற்றோல் லீற்றருக்கு 1.60 டொலர் என்பது இங்கே கொள்ளப்படும் விலை.

வீட்டு மின்சாரத்துக்கு ஐட்ரோ கியூபெக் நிறுவனம் இரு படிகளில் கட்டணம் அறவிடுகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 40 அலகு வரை முதற்படி; அதற்கு மேல் இரண்டாம் படி. காருக்கான மின்சாரம் வீட்டுப் பாவனைக்கு மேலதிகமாக வருவதால், அதனை உயர்ந்த படியிலேயே கணக்கிடுவது பாதுகாப்பானது. வரியுடன் அலகுக்கு 12 சதம் எனக் கொண்டால், ஓராண்டுச் செலவு பின்வருமாறு அமையும்:

பெற்றோல் கார்: 1,200 லீற்றர், 1,920 டொலர்.
ஹைபிரிட் கார்: 750 லீற்றர், 1,200 டொலர்.
மின்சாரக் கார்: 3,000 அலகு, 360 டொலர்.

ஆகவே பெற்றோல் காருடன் ஒப்பிட, மின்சாரக் கார் ஆண்டுக்கு 1,560 டொலரையும் ஹைபிரிட் கார் 720 டொலரையும் மிச்சப்படுத்தும். மின்சாரக் கார், பெற்றோல் காரைவிட 8,000 டொலர் கூடுதல் விலையாயின், அக்கூடுதல் தொகை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் ஈடாகும். அதே குடும்பம் ஆண்டுக்கு 7,500 கிலோமீற்றர் மட்டுமே ஓட்டினால் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும்; கடன் வட்டியையும் கூட்டினால் அது இன்னும் நீளும். குறைவாக ஓட்டுவோருக்கு விலை குறைந்த ஹைபிரிட் காரோ, நல்ல நிலையிலுள்ள பழைய காரோ பொருத்தமாக இருக்கக்கூடும்.

காற்றில் கலப்பது எவ்வளவு?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எனவே மேற்கண்ட பெற்றோல் கார் ஆண்டுக்கு 2.7 தொன்னுக்கும் அதிகமாகவும், ஹைபிரிட் கார் சுமார் 1.7 தொன்னும் வெளியேற்றும். எண்ணெயை அகழ்ந்து சுத்திகரிக்கும்போது வெளியாவதையும் சேர்த்தால் இவ்விரு அளவுகளும் மேலும் உயரும்.

மின்சாரக் காரின் சுமை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதன் பெரிய மின்கலத்தைச் செய்வதற்கு மட்டும் ஏறத்தாழ 5 தொன் வாயு வெளியாகக்கூடும். ஆனால் கியூபெக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் கிடைப்பதால், 3,000 அலகுக்கு வெளியாவது சுமார் 100 கிலோகிராம் மட்டுமே. ஆகையால் மின்கலத்தின் கடன் பெற்றோல் காருக்கு எதிராக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிலும், ஹைபிரிட் காருக்கு எதிராக ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் தீர்ந்துவிடும். அதன்பின் ஓடும் ஒவ்வோர் ஆண்டும் இலாபமே.

இம்முடிவு எல்லா நாடுகளுக்கும் பொருந்தாது. இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது; ஓர் அலகுக்குச் சுமார் 0.7 கிலோகிராம் வாயு வெளியாகிறது. அங்கே இதே கார் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 தொன்னுக்குப் பொறுப்பாகும். ஹைபிரிட் காரைவிட அது பெரிதும் மேலானதென்று கூற இயலாது. இலங்கையில் மழை பொய்க்கும் ஆண்டில் நீர்மின் நிலையங்களின் பங்கு குறைந்து, நுரைச்சோலை நிலக்கரி ஆலையின் பங்கும் எண்ணெய் ஆலைகளின் பங்கும் கூடும். ஊரிலுள்ள உறவினருக்கு ஆலோசனை கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் நன்று.

கணக்கை மாற்றும் காரணிகள்

மின்னேற்றும் இடம். வீட்டிலேயே மின்னேற்ற முடிந்தால் மட்டுமே மேற்கண்ட 12 சதக் கணக்கு செல்லுபடியாகும். பொது இடத்து விரைவு மின்னேற்றிகளின் கட்டணம் அதன் மூன்று மடங்கையும் தாண்டக்கூடும். வாடகை வீட்டில் வசிப்போர் உரிமையாளரின் சம்மதத்தையும், கொண்டோவில் வசிப்போர் இணை உரிமையாளர் சங்கத்தின் அனுமதியையும் எழுத்தில் பெற்ற பின்னரே கார் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது நலம்.

குளிர்காலம். கடுங்குளிரில் மின்சாரக் கார் ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம் மூன்றிலொரு பங்குக்கு மேலும் குறையலாம். வாங்கும் முன் சனவரி மாதத் தேவையை மனத்திற் கொண்டு தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

பராமரிப்பும் காப்புறுதியும். மின்சாரக் காருக்கு இயந்திர எண்ணெய் மாற்றும் செலவில்லை. ஆனால் எடை மிகுதியால் டயர்கள் விரைவில் தேயலாம். காப்புறுதிக் கட்டணமும் கூடலாம். இரு வகைக் கார்களுக்கும் காப்புறுதி மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

அரச உதவி. கியூபெக் அரசின் ரூலே வேர் திட்டம் புதிய மின்சாரக் காருக்கு 2024இல் 7,000 டொலர் வரை வழங்கியது. அது 2025இல் 4,000 ஆகவும் 2026இல் 2,000 ஆகவும் குறைக்கப்பட்டது. விற்பனையாளர் கூறும் தொகையை நம்பியிராமல், கையொப்பமிடும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையை அரச இணையத்தளத்திற் சரிபார்க்க வேண்டும்.

விளம்பர விலை. கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காரைக் கொண்டுவருவதற்கும் ஆயத்தப்படுத்துவதற்குமான கட்டணங்கள் விளம்பர விலைக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். விற்பனை வரியும் அரசுக்குச் சேரும் தீர்வைகளுமே பின்னர் சேர்க்கப்படலாம். வேறு தொகை எழுதப்பட்டிருந்தால் விளக்கம் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

இரண்டாவது கார் தேவையா?

2023 சூலை 31 முதல் புரோசார்ட்டிலிருந்து மொன்றியல் மத்திய நிலையத்துக்கு ரெம் மின்தொடர்வண்டி ஓடுகிறது. பயணம் இருபது நிமிடங்களுக்குள் முடிகிறது. நகர மையத்தில் வேலை செய்யும் ஒருவரேனும் அதனைப் பயன்படுத்தினால், குடும்பத்தின் இரண்டாவது காருக்கான தவணை, காப்புறுதி, பதிவுக் கட்டணம், குளிர்கால டயர் ஆகிய அனைத்தும் மிச்சமாகும். வாங்காத காருக்கு வாயுவும் இல்லை, வட்டியும் இல்லை.

ஆகவே விற்பனை நிலையத்துக்குச் செல்லுமுன் நான்கு விடயங்களைத் தாளில் எழுதிக்கொள்வது பயன்தரும்: ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது, எங்கே மின்னேற்ற முடியும், காரை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க எண்ணம், வட்டியுடன் செலுத்தும் மொத்தத் தொகை எவ்வளவு. இவற்றுக்கு விடை கிடைத்தால், மேலுள்ள எண்களுக்குப் பதிலாகத் தம் எண்களை இட்டு எக்குடும்பமும் தன் முடிவைத் தானே காணலாம்.